கதவு சாத்தும் சத்தம்

அத்தியாயம் 17

ஐந்து ஸ்ரீ திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் மாமனார் ஹேமபால பெரிய தேரரிடம் தொலைபேசியில் பேசியதை இனோகா அரைகுறையாகக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள் அல்லவா? "மகனோட மூணு மாசத் தானத்துக்கு, எங்க வீட்டுல இருக்கிறதுலயே உசந்ததைத் தர்றேன், ஹாமதுருவே" என்று மாமனார் சொன்னது காதில் விழுந்தது. உசந்தது என்றால் மாமியார் விட்டுப்போன பித்தளை விளக்காக இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாக்குத் தோட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மனுஷி இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தாள்.

தானத்தன்று காலை, கூடத்தில் தேரர்கள் அமரும் இடத்துக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை இனோகா பிடித்திருந்தாள், மறு முனையை நாத்தனார் சந்தமாலி. வெளியே பந்தல்காரர்கள் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினார்கள். கனமான, அவசரமில்லாத ஓர் இன்ஜின் சத்தம் மேடேறி வந்தது.

அந்தச் சத்தம் இனோகாவுக்குத் தெரியும். பல வருஷம் சாயங்காலமானால் அதைக் கேட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, பலாமரத்தடியில் அந்தக் கறுப்புக் கார், ஐந்து ஸ்ரீ, வந்து நின்றது. கழுவித் துடைத்திருந்தது. முகப்பில் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது.

அவள் கையிலிருந்த துணியின் முனை நழுவித் தரையில் விழுந்தது.

"அண்ணி, துணி அழுக்காகுது" என்றாள் சந்தமாலி.

"இதையா தர்றாரு?"

சந்தமாலி குனிந்து துணியை எடுத்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்த வீட்டில் வாகனங்களுக்குச் செல்லப் பெயர் கிடையாது. எண் தகட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். ஊரில் யாருடைய வண்டியையும் ஹேமபால தகட்டை வைத்தே எடை போடுவார். தகட்டில் பழைய காலத்து ஸ்ரீ எழுத்து இருந்தால் மரியாதை. வெறும் எண் இருந்தால் சரி, பரவாயில்லை. புது வண்டிகளின் ஆங்கில எழுத்து வந்துவிட்டால், அதை வைத்திருப்பவன் நல்ல மனுஷன்தான், வண்டிதான் பாவம் என்பார். மாவனல்லையில் கார் வாங்க நினைக்கும் எவனும் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் முன்பணம் கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவர். பென்ஷன் வாங்கிய பிறகு ஊருக்கே கார் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், கடுகண்ணாவை வளைவில், மழையில், எதிரே வந்த புதுச் சின்னக் கார் ஒன்று வழுக்கி ஐந்து ஸ்ரீயின் மேல் மோதியது. சின்னக் காரின் மூக்கு கண்ணாடிவரை நசுங்கிப்போனது. அதை ஓட்டியவன் தோள்பட்டையில் கட்டுடன் உயிரோடு வந்தான். ஐந்து ஸ்ரீக்கு ஒரு விளக்கு உடைந்தது, ஒரு மட்கார்ட் மடங்கியது. அதை ஓட்டிய அசங்க, கண்டி ஆஸ்பத்திரியில் அன்று மாலையே செத்துப்போனான். ஹேமபாலவின் ஒரே மகன். இனோகாவின் கணவன்.

மரண வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் காரையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். "இரும்புன்னா இதுதான் இரும்பு" என்றார்கள். ஹேமபால அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "வண்டி என் மகனைக் கைவிடல. விதிதான் கைவிட்டுச்சு."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் மூன்று மாதமாக நிற்கிறார். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

---

பலாமரத்தடியில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. காரை கராஜிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவன் சந்தமாலியின் கணவன் சுமித். மலைமேல் விகாரையான பன்சலைக்கு எது வாங்க வேண்டும், தேரர்களை எங்கே கூட்டிப்போக வேண்டும் என்றாலும் அவன்தான் சாரதி. சம்பளம் இல்லாத வேலை. புண்ணியம் உண்டு.

"லைட் மட்டும்தான் மாத்தினீங்களா, மாத்தயா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"லைட் ஒண்ணு. மட்கார்ட்ல நாலு தட்டு. ஸ்டீயரிங் பழசாயிடுச்சு, கொழும்புல பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடைகளுக்குப் போய் அதே வகையில ஒண்ணு தேடிக் கொண்டுவந்து நானே பூட்டினேன். அவ்வளவுதான்." ஹேமபால வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். மூன்று மாதத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. "இதே அடி இப்ப வர்ற வண்டியில விழுந்திருந்தா கூட்டி அள்ளியிருக்கணும்."

"புது வண்டியில வசதி இருக்கே மாமா" என்றான் சுமித். வேண்டுமென்றே வாயைக் கிளறினான். கிழவர் பேசினால் நல்லது என்று அவனுக்கு எண்ணம்.

"என்ன வசதி? பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகுதாம். பட்டனை அமுக்கினா லிஃப்ட்கூடத்தான் போகுது. அதை வண்டின்னு சொல்லுவோமா?"

"பின்னால பார்க்க கேமரா இருக்கு."

"அப்ப கழுத்து எதுக்கு? மாலை போட்டுக்கவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தான வீடு என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏசி நல்லா இருக்கும்."

"ஏசி வேணும்னா நுவரெலியாவுல போய் வீடு கட்டு. பேட்டரியில ஓடுது, பெட்ரோல் மிச்சம்கிறான். அந்த பேட்டரி செத்தா புதுசு வாங்குற காசுக்கு ஒரு காணி வாங்கலாம். வாங்காட்டி கோழி அடைக்க வேண்டியதுதான்." அவர் ஐந்து ஸ்ரீயின் கதவை அகலத் திறந்து ஒரே தள்ளாகச் சாத்தினார். டக் என்றது. "கேட்டியா? இதுதான் வண்டி. புதுசை இப்படிச் சாத்திப் பாரு, பால்மா டின்னுக்கு மூடி போட்ட மாதிரி இருக்கும்."

ஐந்து ஸ்ரீயின் கதவை யாராவது பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவருக்குப் பொறுக்காது. கூப்பிட்டு மறுபடி சாத்தச் சொல்வார். கல்யாணமாகி வந்த முதல் நாள் மணப்பெண் சேலையோடு இறங்கிய இனோகாவையே அப்படித் திருப்பிக் கூப்பிட்டவர்.

"பெரிய ஹாமதுரு இனிமே ஆட்டோவுலயும் வேன்லயும் குலுங்கிக்கிட்டுப் போகத் தேவையில்லை" என்றார். "மகன் பேரால இதுல போகட்டும். நீதான் ஓட்டணும், சுமித்."

சுமித் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தான். புது ஸ்டீயரிங்கின் நடுவில் ஏற்கெனவே பிக்குகள் ஓதிக் கொடுத்த வெள்ளைப் பிரித் நூல் சுற்றியிருந்தது. அவன் கொஞ்சம் தடித்த ஆள். நெஞ்சுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

ஜன்னலில் நின்ற சந்தமாலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

---

அடுப்படியில் பாற்சோறு இறக்கியாகிவிட்டது. அயல்வீட்டுப் பெண்கள் கறிச்சட்டிகளோடு பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து, இனோகா நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீங்க சண்டை போடுவீங்க."

"போடாம? டாக்டர் என்ன சொன்னார்னு உங்கிட்ட சொன்னேன்ல? நெஞ்சுல ஸ்டீயரிங் இடிச்சிருக்கு. வண்டி கொஞ்சம் நசுங்கியிருந்தா உன் அண்ணன் நசுங்கியிருக்க மாட்டார்னு சொன்னார். அந்த வண்டியைத்தான் ரிப்பன் கட்டி தானம் தர்றோம்."

"மெதுவா பேசுங்க அண்ணி."

"மூணு மாசமா மெதுவாத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

சந்தமாலியின் கண் கலங்கிவிட்டது. அண்ணனை இழந்தவள் அவள். அதைப் பேச இதுவரை யாரும் அவளுக்கு இடம் கொடுத்ததில்லை. "அப்பாவைப் பாருங்க அண்ணி. அம்மா போனப்ப ஒடிஞ்சாரு. அண்ணன் போனதுல மிச்சம் இருக்கிறது அந்தக் கார்தான். நல்ல வண்டியில போய்த்தான் மகன் செத்தான்னு நம்புறாரு. அது பொய்னு சொன்னா, நான்தான் மகனைக் கொன்னேன்னு படுத்துடுவாரு. எழுந்திரிக்க மாட்டாரு. எனக்கு அவரும் போகணுமா?"

இனோகாவுக்கு அது புரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு அவளிடம் இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சந்தமாலியிடம்கூட அவள் சொன்னதில்லை. வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கிற கார் என்றால் ஆயுசுக்கும் சொல்லியிருக்க மாட்டாள். துருப்பிடித்துப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

"தானத்துல தண்ணி வார்த்துட்டா திருப்பி வாங்க முடியாது" என்றாள். "பெரிய ஹாமதுரு மரண வீடு மரண வீடா மலை ஏறி இறங்குறவரு. பெல்ட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஓட்டப் போறது உன் புருஷன்."

சந்தமாலி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுக்கி வைத்த தட்டுகளையே மறுபடி அடுக்கினாள்.

காலையில் பிடித்த வெள்ளைத் துணி இனோகாவுக்கு இன்னொரு துணியை நினைவுபடுத்தியது. பத்தாம் வகுப்பில் இந்த மாமனார் அவளுக்கு ஹேமபால சேர். ஒருநாள் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு மாணவர்களை இரு பக்கமும் பிடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் பிடித்தவள் இனோகா. இன்னொரு மாணவனிடம் பச்சை முட்டையைக் கொடுத்து விரிப்பின் மேல் ஓங்கி எறியச் சொன்னார். முட்டை துணியை உள்ளே தள்ளி, மடிப்பில் உருண்டு நின்றது. உடையவில்லை. அடுத்த முட்டையைச் சுவரில் எறிந்தார். "அடி ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் சேர். "விட்டுக்கொடுக்கிறதுல விழுந்தா முட்டை பிழைக்கும். விட்டுக்கொடுக்காததுல விழுந்தா உடையும்."

டாக்டர் பேசும்போது அவளுக்கு அந்த முட்டைதான் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியவருக்கு, தன் காரைப் பார்க்கும்போது மட்டும் ஏன் அது ஞாபகம் வரவில்லை? அவருக்கு அந்தக் காரின் மேல் அவ்வளவு ஆசை. ஆசை இருக்கிற இடத்தில் மனுஷர்கள் படித்ததைக் கொண்டுபோவதில்லை.

---

வாசலில் ஒரு பையுடன் இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி நின்றான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெள்ளைச் சட்டை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனோகாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கம்பளையைச் சேர்ந்த லஹிரு. அந்தச் சின்னக் காரை ஓட்டி வந்தவன். போலீஸில் எல்லாரும் இருந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். வழக்கு வேண்டாம் என்று ஹேமபாலதான் எழுதிக் கொடுத்தார். "மழை மேல யார் கேஸ் போடுறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். அது அந்த மனுஷனின் பெருந்தன்மை, அதில் சந்தேகமில்லை.

"அக்கா, வரலாமா வேண்டாமான்னு தெரியல" என்றான் லஹிரு. "அம்மாதான் போகச் சொன்னாங்க. பிக்குகளுக்குக் கொஞ்சம் தேயிலையும் சீனியும் கொண்டுவந்தேன்."

"உள்ள வா."

பையை வாங்கிக்கொண்டாள். அவன் போகாமல் நின்றான். கண் பலாமரத்தடியில் இருந்த காரிலேயே இருந்தது.

"ஒரு கீறல்கூட இல்லையே அக்கா."

"ம்."

"நான் இதைக் கேக்கிற நாள் இது இல்ல. ஆனா வேற யார்கிட்டயும் கேக்கத் தோணல. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வீட்டுல வேற வண்டி எடுக்கச் சொல்றாங்க. புது வண்டியைப் பார்த்தாலே கை நடுங்குது. அது எப்படி நசுங்குச்சுன்னு நான் உள்ள இருந்து பார்த்தேன். அதுல அவளை ஏத்த எனக்கு மனசு வரல. அங்கிளோட வண்டி மாதிரி பழைய இரும்பு வண்டி ஒண்ணு கிடைச்சா..." அவன் எச்சில் விழுங்கினான். "அங்கிள் பார்த்துச் சொன்னா சரியா இருக்கும்னு எங்க ஊர்லகூட சொல்றாங்க."

இனோகாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. செத்தவன் வீட்டில் வந்து கார் கேட்கிறான் என்று அல்ல. உயிரோடு தப்பித்தவன், தப்பித்த விதத்தைப் புரிந்துகொள்ளாமல், சாவைத் தேடி வந்து நிற்கிறானே என்று. இரண்டு வார்த்தையில் அவளே அவனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் சந்தமாலி வெற்றிலைத் தட்டுடன் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இனோகா என்ன செய்யப்போகிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்து கையைப் பிடித்து நிறுத்துவாள் என்று இனோகா காத்திருந்தாள்.

சந்தமாலி நிறுத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமனார் அங்கதான் இருக்காரு" என்றாள் இனோகா. "எங்கிட்ட சொன்னதை அவர்கிட்டயே கேளு. ஒண்ணும் விடாம கேளு."

---

மலை மேலே பன்சலையில் மேளம் கேட்டது. தேரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். பலாமரத்தடிக் கூட்டம் வரவேற்க வாசலுக்கு நகர்ந்தது. ஹேமபால மட்டும் ரிப்பனைச் சரிசெய்ய நின்றிருந்தார்.

இனோகா பையோடு பின்னாலேயே வந்து நின்றாள். லஹிரு குனிந்து கும்பிட்டான். ஹேமபால அவன் தலையில் கை வைத்தார். அவனைத் தள்ளிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

"தோள் எப்படி இருக்கு, மகன்?"

அந்த ஊரில் வயதில் சின்னவர்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருந்தாலும் இனோகா கையிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

லஹிரு கேட்டான். ஒன்றும் விடாமல் கேட்டான். கல்யாணம், பயம், பழைய இரும்பு வண்டி எல்லாம். கிழவரின் முகம் முதலில் மலர்ந்தது. கார் பற்றி யார் கேட்டாலும் அந்த முகம் அப்படித்தான் ஆகும், அது அவர் கையில் இல்லை.

"கேகாலையில ஒரு டாக்டர்கிட்ட நாலு ஸ்ரீ ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஒரே கை ஓட்டினது. உன் வண்டிக்கு என்ன ஆச்சு, எடுக்க ஏதாவது மிஞ்சுச்சா?"

"இல்ல அங்கிள். முன்பக்கம் முழுக்கப் போச்சு."

"முழுக்கன்னா? எங்கவரைக்கும்?" வண்டியைப் பார்த்துச் சொல்லும் போதெல்லாம் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"பானட் சுருண்டுடுச்சு. இன்ஜின் கீழ இறங்கிடுச்சு."

"உள்ள வரலயா?"

"வரல. கீழதான் போச்சு. காலுக்கு இடம் இருந்துச்சு."

"ஸ்டீயரிங்?"

"அது மடங்கிக்கிச்சு அங்கிள். ஏர்பேக் வந்து மூஞ்சில அடிச்சுது. பெல்ட் இழுத்ததுல தோள் போச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் கதவைத் திறந்தேன்."

"கதவு திறந்துச்சா?"

"சாதாரணமாத் திறந்துச்சு. நானேதான் இறங்கி நடந்து உங்க வண்டிகிட்ட வந்தேன்."

மேளம் பள்ளிக்கூட வளைவைத் தாண்டிவிட்டது. ஹேமபால அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ வாங்கிக்கொள்வதுபோல மெதுவாக நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டார். தான் அப்படிச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. இனோகாவுக்கு அந்தக் கை தெரியும். விரிப்பைப் பிடிக்க அவர் வகுப்பில் காட்டிக்கொடுத்த கை.

"முன்பக்கம் விட்டுக்கொடுத்திருக்கு" என்றார் சன்னமாக.

"என்ன அங்கிள்?"

அவர் ஐந்து ஸ்ரீயின் பானட்டை விரலால் தட்டினார். எப்போதும்போல அது கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. இன்னொரு முறை தட்டினார். பிறகு கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பழைய ஸ்டீயரிங் பழசாகிப் போனதால மாத்தல, மகன்" என்றார். "அந்த வளையம் உள்பக்கமா வளைஞ்சிருந்துச்சு. ஒரு ஆளோட நெஞ்சளவுக்கு. முழங்கால்ல வெச்சு நிமித்திப் பார்த்தேன். நிமிரல. ஏன் வளைஞ்சுதுன்னு யோசிக்காம, நேரா பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறிட்டேன்."

லஹிரு தன் கேள்வியிலேயே நின்றான். "அப்ப அந்த நாலு ஸ்ரீ, அங்கிள்..."

"வேண்டாம்."

"பழசு வேண்டாமா?"

"நீ புதுசையே வாங்கு. நசுங்குற வண்டியா வாங்கு." குரல் உடைந்தது. "உன்னைக் காப்பாத்தின மாதிரி டின்னையே வாங்கு. அந்தப் பிள்ளையையும் பெல்ட் போட்டு உட்கார வை."

வாசலில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். தேரர்கள் வந்துவிட்டார்கள். கால் கழுவ வேண்டியவர் அவர்தான்.

---

பெரிய தேரரின் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். துடைத்தார். உணவு பரிமாறினார். ஒவ்வொன்றையும் சரியாகத்தான் செய்தார். பார்த்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. சந்தமாலி மட்டும் தூணோரம் நின்று அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உணவு முடிந்தது. காவி உடைகளும் மற்றப் பொருட்களும் முன்னால் வைக்கப்பட்டன. பக்கத்தில், ஒரு வெற்றிலையின் மேல், ஐந்து ஸ்ரீயின் சாவி. காலையிலேயே ஹேமபால தன் கையால் வைத்தது.

தண்ணீர்க் கெண்டி வந்தது. குடும்பத்தார் எல்லாரும் அதில் கை வைத்தார்கள். ஹேமபால, இனோகா, சந்தமாலி, அவளுக்குப் பின்னால் சுமித். தண்ணீர் சாய்ந்து கிண்ணம் நிறைந்து வழியும்போது, தந்ததெல்லாம் தந்ததாகிவிடும்.

கெண்டி சாயவில்லை.

"ஹேமபால" என்றார் பெரிய தேரர், மெல்ல.

கிழவர் ஒரு கையை எடுத்து, வெற்றிலையிலிருந்து சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் ஹாமதுருவே. சொன்ன வாக்கைக் காப்பாத்த முடியல. இதை மட்டும் தர முடியாது."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தானமென்று சொன்னதைத் தண்ணீர் வார்க்கும் நேரத்தில் திருப்பி எடுப்பதை யாரும் பார்த்ததில்லை. மகன் செத்த துக்கத்தில் கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இனோகாவின் காதில் விழுந்தது. அவளுக்கு அந்த ஆளை வெளியே போகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஆசை வந்துடுச்சா?" என்று கேட்டார் தேரர். குரலில் கடுமை இல்லை.

"ஆசை போயிடுச்சு, ஹாமதுருவே. ஆள் உட்காரக்கூடாத வண்டி அது."

தேரர் அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "தண்ணீரை வார்த்துடுங்க" என்றார். "மகனுக்குப் புண்ணியம் சேரட்டும்."

கெண்டி சாய்ந்தது. கிண்ணம் நிறைந்து வழிந்து தட்டில் பரவியது. சந்தமாலி விம்மி அழுதாள். கெண்டியின் மேல் இருந்த இனோகாவின் கையை அவள் கை தேடிப் பிடித்துக்கொண்டது.

---

எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். லஹிரு எப்போது போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தலில் பாத்திரங்கள் கழுவும் சத்தம் மட்டும் இருந்தது.

ஹேமபால சாப்பிடவில்லை. ஐந்து ஸ்ரீயில், ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்திருந்தார். இனோகா தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"சாப்பிடுங்கப்பா."

அவர் வாங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எத்தனை பேருக்குப் பார்த்துச் சொல்லியிருக்கேன், மகள். புதுசை எடுக்காதே, பழசை எடுன்னு. அவங்க எல்லாம் இந்நேரம் எந்த ரோட்டுல போய்க்கிட்டிருக்காங்களோ."

"அவங்களுக்கு இனிமே சொல்லலாம்."

"சொல்லணும். வீடு வீடாப் போய்ச் சொல்லணும்." ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரே. என்ன சொன்னாரு?"

அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எதுக்குப்பா இப்ப?"

"இத்தனை நாள் நான் கேக்கல. கேட்டா என்ன வரும்னு எங்கேயோ தெரிஞ்சிருக்கு, அதான் கேக்கல. இப்ப கேக்கிறேன்."

"முதல்ல அதுல இருந்து இறங்கி வாங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மெல்ல நடந்து பந்தலுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இனோகா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அந்த டக் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கதவு அகலத் திறந்தபடியே கிடந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சொல்லு மகள்" என்றார். "பயப்படாதே. நான் தாங்கிக்குவேன்."

டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடலாம். பாதியை அவரே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் டாக்டர் பேசுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அசங்கவை உள்ளே கொண்டுபோகும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். மூச்சு விடவே முடியாதவன், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். தன் உயிரைப் பற்றி அல்ல, அவளைப் பற்றியும் அல்ல.

"கார்னாலன்னு அப்பாகிட்ட சொல்லிடாத, இனோ."

சரி என்று அவள் தலையை ஆட்டினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கையை விட்டான். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றிவிட்டாள்.

எதிரே கிழவர் முழங்காலில் கை வைத்துக் காத்திருந்தார்.